படகின் மேல்தளத்தில் சுக்கான் பிடிக்கும் இடத்தைச் சுற்றி ஒளிபுகும் சாளரங்களால் அடைக்கச் சுருள் வினைல் தாள் போதுமா, விறைப்பான பாலிகார்பனேட் தாள் வேண்டுமா?

விலைப்பட்டியல்கள் இரண்டையும் எதிரே வைத்துக்கொண்டு, ஒன்று மற்றதைப்போலப் பல மடங்கு இருக்கிறதே என்ற தயக்கத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே தயக்கத்தில் மலிவானதைத் தேர்ந்து, மூன்றாம் ஆண்டில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி செலவு செய்தவன் நான். ஆகவே உறுதியாகவே சொல்கிறேன்: எதிரே பார்த்து ஓட்டும் முன்பக்கச் சாளரங்களில் சிக்கனம் வேண்டாம். பக்கங்களிலும் பின்புறத்திலும் வினைலை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

நான் முதலில் போட்டது சுருளாக விற்கும் 20 மில் வினைல், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம். தைத்து மாட்டிய அன்று, படகு கட்டியிருந்த துறையில் நின்று பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. உருளைகளுக்கிடையே இழுத்துச் செய்யப்படும் அந்தத் தாளில் மெல்லிய அலைவு இருக்கும். அருகில் உள்ள பொருளைப் பார்க்கையில் அது கண்ணில் படாது. ஓர் அந்தியில் துறைமுக வாய்க்குள் நுழையும்போது எதிர்வெயில் பட்டு முன்சாளரம் முழுவதும் பால் பூசியதுபோல் வெளுத்தது. வெயில் இறங்கியபின் எதிரே ஒரு வெள்ளை விளக்கு இரண்டாகத் தெரிந்தது. தலையை ஒரு சாண் நகர்த்தினால் இரண்டும் ஒன்றாயின. மறுபடி நகர்த்தினால் பிரிந்தன. எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஜிப்பைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது, நான் நினைத்ததைவிட மிக அருகில் ஒரு சிறு படகு நின்றுகொண்டிருந்தது. கண்ணாலும் காதாலும் எந்நேரமும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 5ஆம் விதி கூறுகிறது. என் கண்ணை நானே மறைத்துக்கொண்டு அந்த விதியை மீறியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுருள் வினைல் பல ஆண்டுகள் உழைத்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் நம்பாமல் இல்லை. பகலில் மட்டும் ஓட்டி, ஓட்டாத நாள்களில் கழற்றி நிழலில் வைத்தால் அது உழைக்கவே செய்யும். ஆனால் அந்தத் தாளுக்கு நெகிழ்ச்சியைத் தருவது அதில் கலந்திருக்கும் மென்மையூட்டிதான். வெயிலில் அது மெல்ல வெளியேற, தாள் மஞ்சளித்து, விறைத்து, குளிர்ந்த காலையில் மடித்தால் விரிசல் விடும். மெருகேற்றிய தகடுகளுக்கிடையே அழுத்திச் செய்த 30 அல்லது 40 மில் வினைல் தாள் தனித்தாளாகக் கிடைக்கும். அலைவு மிகக் குறைவு, ஓரளவு சுருட்டவும் முடியும். பாலிகார்பனேட் இன்னும் தெளிவானது, அடி தாங்குவது. ஆனால் கீறல் தாங்கும் மேற்பூச்சு இல்லாத தாளை வாங்கவே கூடாது. அதைச் சுருட்ட முடியாது என்பதால் மேல்நோக்கித் திறக்கும்படி அமைக்க வேண்டும். கூசொளியைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிபவரானால், பாலிகார்பனேட்டின் வழியே வானவில் நிறப் பட்டைகள் தெரியக்கூடும். மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி, உங்கள் கண்ணாடியோடு பகலிலும், தொலைவிளக்கை நோக்கி இரவிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதை வாங்கினாலும் கைகளைக் கவனியுங்கள். கொசுவிரட்டிக் களிம்பு பூசிய கையோடு என் நண்பர் ஒருவர் பக்கச் சாளரத்தைத் தள்ளித் திறந்தார். மறுநாள் காலையில் ஐந்து விரல்களும் உள்ளங்கை ரேகையும் மங்கலாகத் தாளில் பதிந்திருந்தன. எந்தச் சோப்பிலும் அவை போகவில்லை. சன்ஸ்கிரீனும், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் இப்படித்தான் கெடுக்கும். முதலில் நன்னீரை ஊற்றி உப்பைக் கழுவிவிட்டு, பிறகே மென்சோப்பும் மென்துணியும். வெயிலில் காய்ந்த இரும்புக் குழாய்மேல் வினைல் சாய்ந்திருந்தால் அங்கே கருகிய கோடு விழும் என்பதையும் பட்டுத்தான் அறிந்தேன்.

தைத்தவர் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. தாள் கெடும் முன்பே தையல் விட்டுப்போனது. சாதாரண பாலியஸ்டர் நூல் வெயிலில் இற்றுவிடும் என்பதை அவர் சொல்லவில்லை; நான் கேட்கவும் இல்லை. வெயில் தாங்கும் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூலின் கூடுதல் செலவு மொத்தத்தில் சிறிதுதான். தாளின் பெயர், கனம், நூலின் வகை ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுதத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பின்புறத்தை மட்டும் திறந்துவிட்டு ஓட்டாதீர்கள். படகின் பின்னால் சுழலும் காற்று எஞ்சின் புகையை உள்ளே இழுக்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆகவே என் முன்சாளரங்களில் நடுவிலிருப்பதை நான்கு விரல் அகலம் உயர்த்தி வைத்தே ஓட்டுகிறேன். மற்ற படகுகளின் சங்கொலியும் அந்த இடைவெளி வழியாகத்தான் தெளிவாகக் கேட்கிறது.