தாத்தாவின் பேனா என்ன விலை போகும்? மைப்பேனா கேள்வி பதில்

நீலகிரியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. படம் அனுப்புகிறவர்கள் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். மங்கலான படத்தில் பேனாவும் கத்திரிக்காயும் எனக்கு ஒன்றுதான்.

கோத்தகிரி: தாத்தா டீ எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்த பார்க்கர் பேனா இருக்கிறது. நிப்பு முழுசாகத் தெரியவில்லை, நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது. லட்சம் போகும் என்கிறார்களே?

போகாது. அது பார்க்கர் 51. 1941இல் கடைக்கு வந்து, ஒரு கோடிக்கு மேல் விற்ற பேனா. அதனால் அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் அருமையான பேனா.

காலத்தைக் கண்டுபிடிக்க மை நிரப்பும் முறையைப் பாருங்கள். வால்பக்கம் சின்ன மூடியைத் திருகினால் அழுத்தும் குமிழ் இருந்தால் பழையது. 1948இல் அந்த முறை மாறி, உடலைக் கழற்றினால் உலோக உறைக்குள் பையும் அழுத்துபட்டையும் உள்ள வகை வந்தது. உங்கள் படத்தில் உலோக உறை தெரிகிறது, உடலில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றும் இருக்கிறது. ஆகவே 1948க்குப் பிந்தியது. அந்தப் பை எளிதில் கெடாது. பச்சைத் தண்ணீரில் பலமுறை உறிஞ்சிக் கக்கவிட்டால் பெரும்பாலும் எழுதத் தொடங்கிவிடும். வெந்நீர் வேண்டாம். நன்றாக எழுதினால் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும். துரை கொடுத்த கதைக்கு வாங்குபவர் தனியாகக் காசு தரமாட்டார்.

இதே தோற்றத்தில் சீனாவின் ஹீரோ பேனாவும் உண்டு. மூடியில் உள்ள பெயரை லென்ஸ் வைத்துப் படியுங்கள்.

கூடலூர்: அப்பா இலங்கையிலிருந்து கொண்டுவந்த பேனா. நிப்பில் ‘14 கேரட்’ என்று இருக்கிறது. நகைக்கடையில் போடலாமா?

ஐயோ, வேண்டாம்! அந்த நிப்பில் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. உருக்கினால் பேனாவும் போய்விடும். 585 என்ற எண் இருந்தாலும் அதே 14 கேரட்தான். நிப்பில் கம்பெனிப் பெயர் இல்லாமல் ‘வாரண்டட்’ என்று மட்டும் இருந்தால், பல கம்பெனிகள் வாங்கிப் பொருத்திய பொது நிப்பு அது.

ஊட்டி: கறுப்புப் பேனா பழுப்பாகிவிட்டது. பாலிஷ் போட்டால் விலை கூடுமா?

குறையும். அது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் இப்படித்தான் வெளிறும். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து மோந்து பாருங்கள், கந்தக வாடை வரும். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு, எளிதில் தீப்பிடிக்கும் பழைய பிளாஸ்டிக். அதை அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள். பாலிஷில் முதலில் அழிவது உடலில் பதித்த எழுத்து. அது போனால் எந்தப் பேனா என்று சொல்ல எனக்கே வழியில்லை. எபோனைட்டைத் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது.

வெலிங்டன்: மை நிரப்ப இழுக்கும் பக்கவாட்டு லீவர் அசையவே இல்லை.

இழுக்காதீர்கள். உள்ளே ரப்பர் பை கல்லாகியிருக்கும். பை மாற்றுவது சின்ன வேலை. லீவர் உடைந்தால்தான் தலைவலி.

குன்னூர்: வெள்ளை நட்சத்திரம் போட்ட மான்ட்பிளாங்க் 149, நிப்பில் 4810. ஒருவர் 2,000 ரூபாய்க்குத் தருகிறார்.

மான்ட்பிளாங்க் விலையுயர்ந்த ஜெர்மன் பேனா. 4810 என்பது அதே பெயருள்ள மலைக்கு வழக்கமாகச் சொல்லும் உயரம், மீட்டரில். போலி செய்பவர்களுக்கும் அது தெரியும். அசல் 149இல் வாலைத் திருகித்தான் மை ஏற்ற வேண்டும். கழற்றினால் தனி மைக்குழாய் வருகிறதா? போலி. அந்த விலையைக் கேட்டபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமே!

கோத்தகிரியிலிருந்து இன்னொருவர்: உடலில் யாரோ ஒருவர் பெயர் செதுக்கியிருக்கிறது.

ஊரறிந்தவர் பெயராக இருந்து, அவருடையது என்பதற்குக் கடிதமோ படமோ இருந்தால் விலை ஏறும். இல்லையென்றால் கொஞ்சம் இறங்கும். சுரண்டி அழிக்க வேண்டாம், தழும்புக்கு இன்னும் இறங்கும்.

மஞ்சூர்: ராஜமுந்திரி ரத்னம் பேனாவுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. சுதேசிக் காலத்தில் தொடங்கிய கைவேலை. காந்திக்கே பேனா செய்து கொடுத்தவர்கள். ஆனால் கையால் கடைந்தது என்பதால், உருவத்தை மட்டும் வைத்து வருடம் சொல்லச் சொல்லாதீர்கள். வாங்கிய ரசீதோ பெட்டியோ இருந்தால் தேடி எடுங்கள்.

ஊட்டி: மழைக்காலத்தில் மூடிக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது.

மையோடு எடுத்து வைக்காதீர்கள். கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போட்டால் போதும்.