விருது வாங்கிய புத்தகம், மகளுக்குப் பிடிக்கவில்லையே!

கேள்வி: பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்தாம், ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்காக அம்மாக்கள் சேர்ந்து ஒரு வாசிப்புக் குழு நடத்துகிறோம். இந்த மாதம் 'தி வியூ ஃப்ரம் சாட்டர்டே' என்ற அமெரிக்க நாவல். கெட்டிக்கார மாணவர்கள் நான்கு பேர் க்விஸ் போட்டியில் ஜெயிக்கிற கதை. சிறுவர் நூல்களுக்கான நியூபெரி விருது வாங்கியது. பாதிப் பேர் அற்புதம் என்கிறார்கள், பாதிப் பேர் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்கிறார்கள். பத்து வயது என் மகள் நாற்பது பக்கத்தோடு மூடி வைத்துவிட்டாள். "எல்லாரும் தாத்தா மாதிரிப் பேசறாங்கம்மா, யாரோட பாட்டி யாருன்னே தெரியல" என்கிறாள். "இது கிஃப்டட் குழந்தைகளுக்கான புத்தகம், எல்லாருக்கும் ஒட்டாது" என்று ஒரு அம்மா சொன்னது மனதில் தைத்துவிட்டது. எதையும் பாதியில் விடக்கூடாது, முடிக்கச் சொல் என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். அவள் சொன்ன இரண்டு குறைகளும் அந்த நாவலைப் பற்றி விவரம் தெரிந்த பெரியவர்களே சொல்லும் குறைகள். அதில் வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நிஜமாகவே ரிடையர் ஆன பேராசிரியர்கள் மாதிரிதான் பேசுகிறார்கள். உறவு முறையும் லேசில் பிடிபடாது. க்விஸ் குழுவில் இருக்கும் ஈதனின் பாட்டியும் நாடியாவின் தாத்தாவும் ஃப்ளோரிடாவில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறவன் அதே குழுவின் நோவா. அவனுடைய தாத்தா பாட்டியும் அதே குடியிருப்பு. போதாக்குறைக்கு, அந்தக் கல்யாணப் பெண் ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகளின் டீச்சருக்கே தலைமை ஆசிரியையாக இருந்தவர். ஒரு தாளில் வம்சப் படம் போட்டுக்கொண்டால்தான் எனக்கே தெளிவாகும். இத்தனைக்கும் கதை நேராகப் போகாது. மாநிலப் போட்டி மேடையில் ஆரம்பித்துப் பின்னால் போய், ஒவ்வொரு பிள்ளையும் தன் கதையைத் தானே சொல்லி, நடுவில் மறுபடி மேடைக்கு வந்து என்று முன்னும் பின்னுமாகத் தாவும். நாற்பது பக்கத்தில் ஒரு குழந்தைக்கு இதெல்லாம் உறுத்தியிருக்கிறது என்றால் அவள் கவனமாகப் படித்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

விருது விஷயத்துக்கு வருவோம். 1922 முதல் அமெரிக்க நூலகச் சங்கம் கொடுத்து வரும் விருது இது. தேர்ந்தெடுப்பது பெரியவர்கள் அடங்கிய குழு. எத்தனை குழந்தைகளுக்குப் பிடிக்கிறது என்பதோ என்ன நீதி சொல்கிறது என்பதோ கணக்கில் வராது என்று விதியிலேயே இருக்கிறது. இலக்கியத் தரம்தான் அளவுகோல். இந்த நாவலை எழுதிய ஈ. எல். கோனிக்ஸ்பர்க் லேசுப்பட்டவர் இல்லை. 1968இல் ஒரு நூலுக்கு அந்த விருதையும், இன்னொரு நூலுக்கு அதே விருதின் சிறப்புத் தகுதியையும் ஒரே வருடத்தில் வாங்கியவர். பிறகு 29 வருடம் கழித்து, 1997இல், இந்த நாவலுக்காக மறுபடி வாங்கினார். கட்டுமானத்துக்குக் கொடுத்த பரிசு என்றே எனக்குத் தோன்றுகிறது. போட்டியில் கேட்கப்படும் கேள்விக்கு ஒரு பிள்ளை பதில் சொல்லும்போது, அந்தப் பதில் புத்தகத்தில் படித்ததல்ல, வாழ்க்கையில் பட்டது என்று நமக்குத் தெரிந்திருக்கும். கடல் ஆமைக் குஞ்சுகளோடு அலைந்த நாடியாவிடம், அந்தக் குஞ்சுகள் நீந்திப் போகும் சர்காசோ கடல் பற்றிய கேள்வி போய்ச் சேரும். நமக்கு இது ரசிக்கும். பத்து வயதுப் பிள்ளை இந்தத் தையல் வேலையை ரசித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்புறம் அந்த 'கிஃப்டட்' பேச்சு. அந்த அம்மா புத்தகத்தை முழுசாகப் படித்தாரா என்பது எனக்குச் சந்தேகம். முதல் பக்கத்திலேயே டீச்சர் மிஸஸ் ஒலின்ஸ்கியிடம், குழுவை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிச் சமாளிக்கிறார். உண்மையில் அவருக்கே தெரியாது. ஈதனுக்கு லூக் என்று ஓர் அண்ணன் உண்டு, ஊரே கொண்டாடும் புத்திசாலி. ஈதன் பேசாமடந்தை, 'லூக்கின் தம்பி' என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கோனிக்ஸ்பர்க் கதை சொல்ல எடுத்துக்கொண்டது லூக்கை அல்ல, அந்தத் தம்பியை. நான்கு பிள்ளைகளும் சனிக்கிழமை தோறும் டீ குடிக்கக் கூடுகிறார்கள், ஒருவரையொருவர் கவனித்துக்கொள்கிறார்கள். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வகுப்புக்குத் திரும்பியிருக்கும் டீச்சரைத் தேற்றுகிறார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புக் குழுக்களை ஜெயிக்கிறார்கள், அது சரி. ஆனால் 'கிஃப்டட்' முத்திரை குத்தி ஒரு குழந்தையைத் தள்ளி வைக்க இந்தப் புத்தகத்தைத் தூக்குவது வேடிக்கைதான்!

புத்தகம் அப்பழுக்கில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். நம்மவர்கள் படித்தால் குழுவின் நான்காவது பிள்ளையான ஜூலியன் சிங் கொஞ்சம் நெருடுவான். பயணக் கப்பலில் சமையல் நிபுணராக இருந்த இந்திய அப்பா, இங்கிலாந்து போர்டிங் பள்ளி, மந்திர தந்திர வித்தைகள், எந்நேரமும் பதறாத ஞானம் என்று, பன்னிரண்டு வயதுப் பையனை விட ஒரு சின்ன சாமியார் போலத்தான் வருகிறான். இந்தியன் என்றால் இப்படித்தான் என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர் நினைத்திருக்கலாம், அதை உங்கள் குழுவில் தாராளமாகப் பேசலாம். ஆனாலும் ஓர் இடம் இருக்கிறது. வகுப்பில் ஒரு முரடன் அவனுடைய தோல் பையில் பேனாவால் 'நான் ஒரு கழுதை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் கிறுக்கிவிடுகிறான். ஜூலியன் அழிக்கவில்லை, அழவில்லை, டீச்சரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. அதே எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் எழுத்துகளைச் சேர்த்து, 'பூமி என்னும் விண்கப்பலில் நான் ஒரு பயணி' என்று மாற்றி எழுதிக்கொண்டு அதே பையோடு வகுப்புக்கு வருகிறான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மகளிடம் காட்டுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. பாதியில் விடக்கூடாது என்பது பாடப் புத்தகத்துக்கும் பாட்டு வகுப்புக்கும் சரி. கதைப் புத்தகத்தில் அந்தக் கறாரைக் காட்டினால் பிள்ளை அடுத்த புத்தகத்தையே தொட மாட்டாள். அவரைக் கேட்டுப் பாருங்கள், சின்ன வயதில் அவரிடம் யாராவது காமிக்ஸை முழுசாய் முடி என்று மிரட்டினார்களா என்று.

முழுசாய் விடவும் வேண்டாம், முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். நாற்பது பக்கம் வந்தவள் நோவாவின் கதையைத் தாண்டி நாடியாவின் கதைக்குள் நுழைந்திருப்பாள். அதை மட்டும் இரவில் நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அர்த்தத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாலும் சரி. அப்பா அம்மா பிரிந்த கோபத்தில் இருக்கும் ஒரு பெண், தாத்தாவோடு கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காவல் காக்கிறாள். ஒரு கட்டத்தில் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். பிறகு புயல் அடித்து, கடலுக்குப் போன குஞ்சுகளைக் கரைக்கே தூக்கிப் போட்டுவிடுகிறது. கோபமெல்லாம் எங்கோ போய், வாளியும் கையுமாகக் கரைக்கு ஓடுகிறார்கள். இதில் தாத்தா பாஷை பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அதோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. மேலே படிக்க அவளே கேட்டால், வம்சப் படத்தை அவளையே வரையச் சொல்லுங்கள்.

க்விஸ் பிடித்த பெண்ணாக இருந்தால் வேறு வழியும் உண்டு. கர்நாடகா க்விஸ் அசோசியேஷன் 1983லேயே தொடங்கிய ஊரில் இருக்கிறீர்கள், பஸர் என்றால் பாதிக் குழந்தைகளுக்குக் கை துறுதுறுக்கும். மேடைப் பகுதிகளை மட்டும் தனியாகப் படித்து, பதிலை முந்திக்கொண்டு சொல்கிறாளா என்று விளையாடலாம்.

குழு கூடும் நாளில் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாற்பது பக்கம் படித்தேன், இந்த இந்தக் காரணத்தால் பிடிக்கவில்லை என்று அவளே எழுந்து சொல்லட்டும். பிடித்த பிள்ளைகள் எதிர்வாதம் செய்யட்டும். எல்லோரும் ஆஹா என்று தலையாட்டுவதை விட அந்தக் கூட்டம் களைகட்டும். 'எல்லாருக்கும் ஒட்டாது' என்று சொன்ன அம்மாவிடம் நீங்கள் எந்த விளக்கமும் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதப் புத்தகத்தை விருதுப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாமல், பிள்ளைகளைச் சர்ச் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பழைய புத்தகக் கடையில் விட்டுவிடுங்கள். பின்னட்டையைப் படித்து அவர்களே பொறுக்கட்டும். ஆமைக் கதை உங்கள் மகளுக்குப் பிடித்துவிட்டால், ஜனவரியிலிருந்து மார்ச் வரை சென்னை பெசன்ட் நகர் பக்கம் தன்னார்வலர்கள் இரவில் ஆமை முட்டை தேடி நடப்பார்கள், மாணவர்களே 1988 முதல் நடத்தி வருவது. சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். கடற்கரை மணலில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும், உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.