பதில்: பெஞ்ச் டிரில்லில் சக் கழலவில்லை, டெப்த் ஸ்டாப்பும் வளைகிறது

வணக்கம் சார். டிரில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கைப் பைப் ரெஞ்சால் திருகிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி வேண்டாம். பெரும்பாலான பெஞ்ச் டிரில்களில் சக்குக்கு மரை கிடையாது, டேப்பர் (கூம்பு வடிவப் பொருத்து) பிடிப்பில்தான் நிற்கிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கைப்பிடியை இழுத்து ஸ்பிண்டிலை (சக்கைச் சுழற்றும் தண்டை) முழுதாக இறக்கினால் வெளி ஸ்லீவின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு துளை தெரியும். என் மெஷினில் அது கிரீஸும் இரும்புத்தூளும் அப்பி மூடியே கிடந்தது. டார்ச் அடித்துத்தான் கண்டுபிடித்தேன். சக்கைக் கையால் சுற்றினால் உள்ளிருக்கும் துளையும் நேருக்கு வந்து, மறுபக்க வெளிச்சம் தெரியும். அதில் டிரிஃப்ட் ஆப்பை (ஒரு முனை மெலிந்த தட்டை இரும்பை) செருகிச் சுத்தியலால் ஒரு தட்டு. கீழே மரத்துண்டும் பழைய துணியும் வையுங்கள், சக் திடீரென்று விழும்.

துளையே இல்லையென்றால் சக் நேரடியாக ஸ்பிண்டிலில் ஏறியிருக்கிறது. சக்குக்கு மேலுள்ள இடுக்கில் இரட்டை ஆப்பை எதிரெதிராக வைத்து நெருக்க வேண்டும்.

மாட்டும்போது இரு டேப்பரையும் தின்னர் துணியால் துடையுங்கள். எண்ணெய் கூடவே கூடாது. தாடைகளை உள்ளே இழுத்துவிட்டு, மரச்சுத்தியலால் ஒரே அடி.

சரி, துளை குறித்த ஆழத்தோடு நிற்க உதவும் டெப்த் ஸ்டாப். குற்றவாளி கம்பியல்ல, அது முட்டும் தகரப் பட்டைதான். அதே அளவில் 6 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை வெட்டித் துளையிட்டு மாற்றுங்கள். பிளாஸ்டிக் நட்டையும் தூக்கிப் போட்டு, இரண்டு இரும்பு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குங்கள். கம்பியையே ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோய் நட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், மரை மாறிவிடும்.