சீன மருத்துவம் படிக்கக் கனடா வரலாமா என்று கேட்ட ஈரோட்டுத் தம்பிக்கு

தம்பி, ஈரோட்டில் இரண்டு வருட அக்குபங்சர் டிப்ளமோ முடித்து நான்கு வருடமாகக் கிளினிக் நடத்துகிறீர்கள். சீன மருத்துவத்தை முறையாகப் படிக்க டொராண்டோ வர ஆசை. ஏஜென்ட் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி, "ஒரு மாதத்தில் அட்மிஷன், படித்து முடித்ததும் வேலை அனுமதி, மூன்று வருடத்தில் பி.ஆர்." (இங்கேயே நிரந்தரமாக வசிக்கும் உரிமை) என்கிறார். எந்தப் பள்ளி நல்லது, குளிர் தாங்குமா, வாடகை எவ்வளவு, பகுதி நேர வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்.

குளிரையும் வாடகையையும் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். நல்ல ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் வாங்கிச் சுமந்து வராதீர்கள். அவ்வளவுதான். பள்ளி விஷயத்தை மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன். அதில் நான் ஒன்றரை வருடத்தையும் என் தாலிக்கொடியை அடகு வைத்த பணத்தையும் இழந்திருக்கிறேன்.

முதலில் ஏஜென்ட் சொன்னதை எடுத்துக்கொள்வோம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சீன மருத்துவம் சொல்லித்தரும் இடங்களில் பெரும்பாலானவை தனியார் தொழிற்கல்லூரிகள். மாகாண அரசிடம் பதிவு செய்தவைதான், மோசடி என்று சொல்ல வரவில்லை. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகளும் அவற்றில் உண்டு. ஆனால் பட்டம் வழங்கும் உரிமை இல்லாத இப்படிப்பட்ட தனியார் கல்லூரியில் வெளிநாட்டு மாணவராகப் படித்தால், படிப்பு முடிந்தபின் தருகிற அந்த வேலை அனுமதி பொதுவாகக் கிடைக்காது. அந்த அனுமதி இல்லாமல் இங்கே வேலை அனுபவம் சேராது, அனுபவம் இல்லாமல் பி.ஆர். கணக்கு தொடங்கவே தொடங்காது. ஏஜென்ட் சொன்ன மூன்று வாக்கியங்களில் இரண்டாவது விழுந்தால் மூன்றாவதும் சேர்ந்து விழும். இங்கே வசிக்கிறவர்களுக்கு இந்தப் பள்ளிகள் சரி. நான் பி.ஆர். வாங்கிக்கொண்டு வந்தவள், அதனால் இந்தக் கஷ்டம் எனக்கு இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கும்.

2024 ஜனவரியிலிருந்து மாணவர் விசாவுக்கே உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். மாகாணத்தின் உறுதிக் கடிதம் வேறு வேண்டும். 'முதலில் வந்து சேருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்கிற நம் ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வந்த காலம் வேறு, இன்றைய விதி வேறு. பத்து வருடத்துக்கு முன்பு தனக்கு நடந்ததை இன்றைக்கும் நடக்கும் என்று சொல்லி, ஒரு பிள்ளையின் அப்பாவை நிலத்தை விற்க வைத்தவர்களை எனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அடுத்தது, பள்ளியைத் தேடுவதற்கு முன்னால் மாகாணத்தை முடிவு செய்யுங்கள். கனடா முழுக்க ஒரே லைசென்ஸ் என்று நினைக்காதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, ஒன்டாரியோ, கியூபெக், நியூஃபவுண்ட்லாந்து ஆகிய ஐந்து மாகாணங்களில்தான் இந்தத் தொழிலுக்குச் சட்டம் இருக்கிறது. அதிலும் ஆல்பர்ட்டாவும் கியூபெக்கும் அக்குபங்சருக்கு மட்டும். கியூபெக்கில் பிரெஞ்சு தெரியாமல் காலம் தள்ள முடியாது. ஒன்டாரியோவில் 2006-ல் சட்டம் வந்து 2013 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பதிவு இல்லாமல் 'அக்குபங்சரிஸ்ட்' என்று போர்டு மாட்டினால் குற்றம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024-ல் சீன மருத்துவம், கைரோபிராக்டிக் என்கிற முதுகெலும்புச் சிகிச்சை, மசாஜ், நேச்சுரோபதி நான்கின் பதிவு அமைப்புகளையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். அங்கே தகுதி இருந்தால் சீன மருத்துவ டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், ஒன்டாரியோவில் கூடாது. ஊரில் நம்மை எல்லாரும் டாக்டர் என்று கூப்பிட்டுப் பழக்கப்படுத்திவிட்டார்கள், அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிடுங்கள்.

உங்கள் டிப்ளமோ செல்லுமா என்றால், செல்லாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். இந்தியாவில் 2019-ல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி முறையாக அங்கீகரித்தது நல்ல செய்திதான். இங்கே கேட்பது வேறு. ஒன்டாரியோ விதிப்படி மேற்பார்வையோடு குறைந்தது 45 வாரம் கிளினிக் பயிற்சி வேண்டும், அதில் 500 மணி நேரமாவது நோயாளியை நேரடியாகக் கையாண்டிருக்க வேண்டும். அப்புறம் மாகாணங்களுக்குப் பொதுவான தேர்வு, சட்டத் தேர்வு, பாதுகாப்புத் தேர்வு. ஊசி இல்லாமல் விரலால் தொடும் தொடு சிகிச்சை மட்டும் செய்து பழகியவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. இங்கே பாடமே ஊசியில்தான் ஆரம்பிக்கிறது, உடம்பில் ஊசி போடும் 361 புள்ளிகளையும் ஆழம், கோணம், எங்கே ஆபத்து என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தோள்பட்டையில், பித்தப்பைப் பாதை என்று சொல்லும் புள்ளி வரிசையின் 21-ஆம் புள்ளியில் ஊசி ஆழம் போனால் நுரையீரல் ஓட்டையாகும். ஒரு புள்ளி, ஒரு தொடுதல் என்று நான்கு வருடம் பழகிய கை இதை ஏற்றுக்கொள்ளச் சிரமப்படும். என் கையும் சிரமப்பட்டது.

இனி நான் பட்ட பாடு.

2007 பிப்ரவரியில் திண்டுக்கல்லிலிருந்து வந்தோம். நானும் ஊரில் அக்குபங்சர் கற்றவள்தான், வாரக் கடைசி வகுப்புகளில். இங்கே வந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மஃபின் பேக்கிங் தொழிற்சாலையில் மூன்று வருடம் நின்றேன். பெல்ட்டில் வருகிற மஃபினைப் பெட்டியில் அடுக்கும்போது மனதுக்குள் புள்ளிகளைச் சொல்லிக்கொண்டே இருப்பேன், மறந்துவிடக் கூடாது என்று. 2010 செப்டம்பரில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். நான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் மூன்று: வீட்டிலிருந்து ஒரே பஸ், மாலை வகுப்பு, ஃபீஸில் தள்ளுபடி. வரவேற்பறையில் அழகான மனித உருவப் பொம்மை, உடம்பெல்லாம் பாதைகள் வரைந்து. அதைப் பார்த்தே மயங்கிவிட்டேன்.

அந்தப் பள்ளியின் மாணவர் கிளினிக்கில் நோயாளியே இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஏழு பேர் உட்கார்ந்திருப்போம். பதினோரு மணிக்கு ஒரு பாட்டி முழங்கால் வலியோடு வருவார். ஏழு பேரும் சுற்றி நின்று நாடி பார்ப்போம். ஒருவர் ஊசி போடுவார், மற்ற ஆறு பேரும் வேடிக்கை பார்ப்போம். அதற்கு ஏழு பேருக்கும் நான்கு மணி நேரம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். யாரும் வராத நாளில் ஒருவருக்கு ஒருவர் குத்திக்கொள்வோம். ஆரோக்கியமான சக மாணவியின் நாடியைப் பத்து முறை பார்த்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஒன்றரை வருடம் கழித்து, சட்டம் வரப்போகிறது, நேரடியான மணி நேரம்தான் கணக்கு என்று தெரிந்ததும் என் நோட்டை நானே உட்கார்ந்து எண்ணினேன். என் கையால் ஊசி போட்டது பதினான்கு பேருக்கு.

அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது, வரவேற்பறையில் உட்கார வைத்து காபி கொடுத்தால் குடித்துவிட்டு, மாணவர் கிளினிக் நடக்கும் நாளில் மறுபடி வாருங்கள். நாற்பது டாலர் கொடுத்தாலும் பரவாயில்லை, நோயாளியாகவே போய்ப் படுங்கள். வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஒரு கட்டிலுக்கு எத்தனை மாணவர்கள், மேற்பார்வை ஆசிரியர் உள்ளே வந்து உங்கள் நாடியைத் தானும் பார்த்தாரா, இல்லை வாசலில் நின்று தலையாட்டினாரா என்று பாருங்கள். நீங்கள் வர முடியாது என்றால் இங்கே இருக்கும் யாரையாவது அனுப்புங்கள். நானே போகிறேன், எனக்கு அதில் ஒன்றும் சிரமமில்லை. அப்படியே கடைசி வருட மாணவர் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து, போன வருடம் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

பள்ளி நாளைக்கு இருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். பெரிய பெயர் என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் போர்ட்லாண்டில் 1983-ல் தொடங்கிய ஓரிகன் காலேஜ் ஆஃப் ஓரியண்டல் மெடிசின், அந்தத் துறையில் மதிப்பான பள்ளி, 2024-ல் மூடிவிட்டது. அரசுக் கல்வி நிறுவனம் என்றால் கொஞ்சம் தைரியம். வான்கூவர் பக்கம் ரிச்மண்டில் குவாண்ட்லன் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் அக்குபங்சர் டிப்ளமோ ஆரம்பித்தது. இந்த வருடம் ஆள் எடுக்கிறார்களா, அந்தப் படிப்புக்கு வேலை அனுமதி உண்டா என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் வழியாகக் கேட்காதீர்கள்.

2012-ல் இரண்டாவது பள்ளிக்கு மாறினேன். முதல் பள்ளியில் படித்த பாடங்களில் பாதியைக் கூட அங்கே ஏற்றுக்கொள்ளவில்லை. ஸ்பாடைனா சைனாடவுனில் மூலிகைக் கடைக்கு மேல் மாடியில் அதன் கிளினிக், படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும். அங்கேதான் என் ஆசிரியர் கிடைத்தார். குவாங்சோவில் ஆஸ்பத்திரி வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர், ஆங்கிலம் குறைவு. முதல் நாள் என் நாக்கைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "யார் சுரண்டியது?" என்றார். தினமும் காலையில் நாக்கு வழித்துப் பழகிய ஊர் நம்முடையது. நாக்கின் மேல் படிவதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள், அதை வழித்துவிட்டு வந்தால் அவர்களுக்குப் பாதிச் செய்தி போய்விடுகிறது. பிறகு என் நோயாளிகளில் தமிழ் ஆட்கள் எல்லாருக்கும், வருகிற அன்று மட்டும் நாக்கு வழிக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுவேன்.

நாடி பார்ப்பதில் மட்டும் எனக்கு வீட்டு ஞாபகம் வரும். மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பது நமக்கும் பழக்கம்தானே. என் தாத்தா வாதம், பித்தம், கபம் என்று பிடித்துச் சொல்வார். ஆசிரியர் இரண்டு கையிலும் மூன்று மூன்று இடம், ஆறு இடத்திலும் மேலே ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை பார்க்கச் சொல்வார். முழங்கால் புள்ளிக்கு என் நான்கு விரலைச் சேர்த்து நோயாளியின் கால் மேல் வைத்து அளந்தேன். என் கையைத் தட்டிவிட்டு நோயாளியின் கையையே எடுத்து வைத்தார். அவரவர் உடம்புக்கு அவரவர் விரல்தான் அளவு. இருநூறு முறை வரைபடத்தில் பார்த்த ஒன்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் கீழே அந்த மூலிகைக் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை. ஒன்றைத் திறந்தால் அதிமதுரம், ஒன்றில் திப்பிலி, ஒன்றில் சாதிக்காய். மாடியில் மோக்ஸா, அதாவது புள்ளிகளுக்குச் சூடு காட்டும் காய்ந்த மூலிகை, கொளுத்தும் புகை இறங்கி வரும். அந்தச் செடி நம் மரிக்கொழுந்தின் இனம். குளிர்காலத்தில் பனியை மிதித்துக்கொண்டு அந்தப் படியேறும்போது திண்டுக்கல் பூக்கடை ஞாபகம் வரும். என்னோடு யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் படித்தார். கொழும்பு களுபோவில ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்டன் ஜயசூரிய அக்குபங்சர் நடத்திய காலத்தில் அங்கே கற்றவர். ஐம்பது வயதில் மறுபடி முதல் வருடத்தில் வந்து உட்கார்ந்தார். 'எனக்குத் தெரியாததா' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பது அந்தக் குணத்தை. சேர்ந்த முதல் வாரமே ஆசிரியரைத் திருத்த ஆரம்பிப்பவர்கள் இரண்டாம் வருடம் இருப்பதில்லை.

2015-ல் பதிவு கிடைத்தது. இன்றைக்கு மார்க்கம் சாலைப் பக்கம் என் சொந்த கிளினிக். இங்கே அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தராது, வேலை தருகிற கம்பெனியின் காப்பீடுதான். அதனால் ஒரு ஆபத்து வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். ஊசி போடாமலே ரசீது கேட்பார்கள், நம் ஆட்களே கேட்பார்கள், சொந்தக்காரர்கள் மாதிரிப் பேசிக் கேட்பார்கள். ஒரு ரசீது போதும், பதிவே போகக்கூடும். நான் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சிலர் இன்றைக்கும் கோவிலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு மனத்தாங்கல், பிசியோதெரபிஸ்ட், கைரோபிராக்டர், மசாஜ்காரர் எல்லாரும் தங்கள் துறைக்குள் ஊசி போடச் சட்டம் விட்டுக்கொடுத்திருக்கிறது. சில வாரக் கடைசி வகுப்புகளோடு ஊசியைக் கையில் எடுப்பவர்களை நான் பார்க்கிறேன். நாங்கள் வருடக்கணக்கில் படித்தது எதற்கு? 2022 பிப்ரவரி கடைசியில் ஒன்டாரியோ அரசு எங்கள் பதிவு அமைப்பையே கலைக்கப் போவதாகச் சொன்னபோது நான் தூங்கவில்லை. கையெழுத்து வாங்க கடை கடையாக ஏறினேன், சீனர், கொரியர், தமிழர் என்று எல்லாரும் போட்டார்கள். சில நாளில் அரசு அந்த முடிவைக் கைவிட்டது.

சரி, பேச்சு எங்கேயோ போய்விட்டது. பகுதி நேர வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள், கிடைக்கும், ஆனால் அதை நம்பி ஃபீஸ் கணக்குப் போடாதீர்கள். சாப்பாட்டுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஏஜென்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். அந்தக் கல்லூரிக்கு நேரடியாக ஒரு மெயில் எழுதி, 'உங்களிடம் படித்த வெளிநாட்டு மாணவருக்கு படிப்புக்குப் பின் வேலை அனுமதி உண்டா, மாணவர் கிளினிக்கில் ஒரு மாணவருக்கு நேரடி நோயாளி மணி நேரம் எவ்வளவு' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். வந்ததும் கல்லூரிப் பெயரோடு எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஓய்வுதான், நானே அவர்கள் கிளினிக்குக்குப் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.