பட்டனைத் தைத்தீர்கள், அப்புறம்?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். கணவருக்குத் திருப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மகனுக்கு மூன்றரை வயது. சாயங்காலம் நான் மாடு கறந்து சமையலை முடிக்கும்வரை மாமனார்தான் அவனை வைத்துக்கொள்கிறார். டிராக்டர் மட்கார்டில் உட்கார வைத்து உழவுக்கும் கூட்டிப் போகிறார். எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனால் மாமா முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவர், பேரன் என்றால் உயிர். போன மாதம் துவைக்கும்போது பார்த்தால் அவன் சட்டையில் இரண்டு பட்டன்களைக் காணோம். கேட்டதற்கு, "வரப்பு ஏறறப்ப நழுவினான், சட்டையைப் புடிச்சுட்டேன்" என்றார். வேறு பட்டன் வாங்கித் தைத்துவிட்டேன். பட்டறையில் சொல்லி மட்கார்டில் சின்னதாக ஒரு சீட்டும் பெல்ட்டும் வைத்துவிடலாமா? அதுவரை துண்டால் கட்டி உட்கார வைத்தால் போதுமா? அடுத்த மாதம் காது குத்து. குலதெய்வக் கோயிலுக்கு எல்லோரும் டிரெய்லரில்தான் போகிறோம். மாமா மனசு நோகாமல் எப்படிச் சொல்வது?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: சீட்டைப் பற்றியும் மாமனார் மனசைப் பற்றியும் பிறகு பேசலாம். முதலில் அந்த இரண்டு பட்டன்கள்.

சின்னப் பிள்ளையின் சட்டையில் மொத்தமே ஐந்தோ ஆறோ பட்டன்தான் இருக்கும். அதில் இரண்டு பிய்ந்து போயிருந்தால் அதற்கு நழுவினான் என்று பெயரில்லை. உங்கள் மகன் விழுந்துவிட்டான். விழுகிற வழியில் ஒரு கை சட்டையைப் பற்றியது, மீதிப் பட்டன்களின் நூல் தாங்கியது, அவ்வளவுதான். வெயில் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் வெறும் ஜட்டியோடு திரிவதை நானும் பார்த்தவள்தான். அன்றைக்கு அவன் அப்படிப் போயிருந்தால் உங்கள் மாமனார் எதைப் பிடித்திருப்பார்?

நீங்கள் கடைக்குப் போய் அதே அளவில் பட்டன் தேடி வாங்கி, ஊசியில் நூல் கோத்துத் தைத்து, அதே சட்டையை மாட்டி, அதே மட்கார்டுக்குத் திரும்ப அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய கடிதத்தில் இதற்கு மூன்றே வரி. மாமனார் மனசு நோகுமே என்பதற்கு ஒன்றரைப் பக்கம். இடம் கருதி அதை இங்கே சுருக்கிவிட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாமனார் தானாக வந்து சொல்லவில்லை. பேரன் ஒரு புது வார்த்தை பேசினால்கூட வாசலிலிருந்தே கூப்பிட்டுச் சொல்கிற தாத்தாக்களை எனக்குத் தெரியும். இவரோ, நீங்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்வரை வாய் திறக்கவில்லை. முப்பது வருடம் ஓட்டியவர் இல்லையா? அந்த நொடியில் என்ன நடக்க இருந்தது என்று உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு கை பேரன் சட்டையில் என்றால், வரப்பு ஏறுகிற வண்டியின் ஸ்டியரிங்கில் மிச்சம் ஒரு கைதான். டிராக்டர் கவிழ்கிற ஆபத்தும் இப்படி வரப்பும் வாய்க்கால் கரையும் ஏறி இறங்கும்போது அதிகம்.

மட்கார்டு சக்கரத்துக்குப் போட்ட மூடி. பிள்ளை முன்னால் சரிந்தால் பெரிய டயருக்கு முன்னே விழுவான், பின்னால் சரிந்தால் மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் கத்திகள். இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித் தடத்தில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி நொடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. விழுந்த பிள்ளைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். பார்த்து, பதறி, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்கவே எவருக்கும் ஒரு நொடி ஆகும். உழவில் வேகம் குறைவுதான், சரி. ஆனால் அப்போது, ரோட்டாவேட்டரைச் சுழற்றுவதற்காகப் பின்னால் இருக்கிற பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. ஒரு துண்டின் முனை அதில் மாட்டினால் துண்டோடு சேர்த்து எதையும் இழுத்துக்கொள்ளும். நீங்கள் துண்டால் கட்டட்டுமா என்று கேட்கிறீர்கள்!

பட்டறையில் சீட் வைப்பதும் வேண்டாம். வெல்டிங் பிடித்த சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்த பிள்ளை, வண்டி கவிழ்ந்தால் வண்டிக்கு அடியில்தான் இருப்பான். பெரியவராவது குதிக்கப் பார்ப்பார். டிராக்டரில் ஓட்டுகிறவரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்று 1989-லேயே சாலை விதியில் எழுதிவிட்டார்கள். உங்கள் தோட்டத்துக்குள் வந்து அதைப் பார்க்கப் போலீஸ்காரர் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியவர் நீங்கள்.

"நாங்களெல்லாம் வண்டியிலயே வளர்ந்தவங்க" என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். நானும்தான் வளர்ந்தேன். ஆறு வயதில் எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) மாட்டுவண்டியில் முன்பக்கம் உட்கார்ந்து தூங்கி, மாட்டின் காலடியில் விழுந்தேன். மாடு நின்றுவிட்டது. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. மாடு என்னைப் பார்த்தது, அதனால் நின்றது. டிராக்டர் எதைப் பார்க்கும்?

இனி செய்ய வேண்டியது. சனிக்கிழமை கணவர் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், நடுவில் எத்தனை சாயங்காலம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்றைக்கே அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போய், "மாமா, இனிமே இவனை டிராக்டர்ல ஏத்த வேண்டாமுங்க. பட்டன் பிஞ்ச அன்னிக்கே நான் சொல்லியிருக்கோணும், சொல்லாம விட்டது என் தப்புங்க" என்று சொல்லுங்கள். மனசு நோகத்தான் செய்யும். நோகட்டும். மாமனாருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பெரியவர்களை எடுத்தெறிந்து பேசும் மருமகள்களை இதே பக்கத்தில் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஆனால் பெற்றவள் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள். யாராவது நிறுத்தச் சொல்ல மாட்டார்களா என்று அவரே காத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பேரனை அவரிடமிருந்து பிரிக்கவும் வேண்டாம். உழவைக் காலையில், பிள்ளை அங்கன்வாடிக்குப் போயிருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாயங்காலம் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். வாடகை உழவு என்று மாலையில் கிளம்பத்தான் வேண்டும் என்றால், அந்த நேரத்துக்குப் பிள்ளைக்கு வேறு ஒருவர் பொறுப்பு. மாமியார் அப்போது என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. இருக்கிறாரா, டி.வி. பார்க்கிறாரா?

ஏறிப் பழகிய பிள்ளை சும்மா இருக்க மாட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் சத்தம் கேட்டதும் அப்பாரு கூப்பிடுகிறார் என்று ஓடுவான். பின்னால் எடுக்கிற வண்டிக்கு அவ்வளவு சின்ன உருவம் தெரியாது. ஆகவே வாசலுக்கு ஒரு படல், அவனுக்கு எட்டாத உயரத்தில் கொக்கி. அவனை யாராவது கையில் பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். சாவி வண்டியிலேயே தொங்கக் கூடாது. நிறுத்திய வண்டியில் ஏறி விளையாடவும் விடாதீர்கள், ஆசை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

காது குத்துக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம், ஒரு குழந்தைக்குக் கோயிலில் முடியிறக்கிவிட்டு உறவுக்காரர்கள் டிராக்டர் டிரெய்லரில் ஊர் திரும்பினார்கள். அது குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். காது குத்துக்குப் பந்தலும் கிடாய் விருந்தும் போடுகிற வீட்டில் ஒரு வேன் வாடகை கொடுக்க முடியாதா? டிரெய்லரில் பொங்கல் பானையும் விறகும் பாத்திரமும் போகட்டும். வேன் கிடைக்காவிட்டால் நீங்களும் பிள்ளையும் டவுன் பஸ்ஸில் போய்ச் சேருங்கள். தாய்மாமன் கொஞ்ச நேரம் காத்திருப்பார்.