விசாவில் இருப்பவர் வாக்குக் கேட்கப் போகலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம். மென்பொருள் வேலைக்காக வந்து மூன்று ஆண்டுகளாக லண்டனில், ஹாரோ பகுதியில் இருக்கிறேன். வரும் 2026 மே மாதம் இங்கே உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வார்டு வேட்பாளர் ஒருவரின் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. பிரச்சாரத்துக்குத் தொண்டர்கள் தேவை என்று கடைசியில் போட்டிருந்தார்கள். அதிலிருந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அனுப்பியதிலிருந்து ஒரே குழப்பம்.

ஊரில் நான் எந்தக் கட்சிக்கும் ஒரு போஸ்டர்கூட ஒட்டியதில்லை. "அதெல்லாம் காசு வாங்கிட்டுக் கொடி பிடிக்கிறவங்க வேலை" என்பார் அப்பா. இங்கே நான் விசாவில் இருப்பவள். எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போக நேரலாம். இந்த ஊர்க்காரர்களிடம் போய் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கூடத் தங்கியிருக்கும் தோழி, விசாவுக்குச் சிக்கல் வரும், பேசாமல் இரு என்கிறாள். என் ஆங்கிலமும் நெல்லை வாடை அடிக்கும் ஆங்கிலம்தான்.

இன்னொன்று. கட்சிக்காரர் ஒருவர் போனில் பேசியபோது, "உங்கள் தமிழ் ஆட்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்றார். அது ஏனோ உறுத்துகிறது. நான் போகலாமா?

ஆனந்தி

அன்புள்ள ஆனந்தி,

போங்கள். தயக்கமில்லாமல் சொல்கிறேன். உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

உரிமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் அதை எப்போதோ கொடுத்துவிட்டது. முறையான விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் (பெரும்பாலும் முன்பு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளின் கூட்டமைப்பு, இந்தியாவும் அதில் உண்டு) நாட்டவர் 18 வயது நிரம்பியிருந்தால் உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். குடியுரிமை வேண்டியதில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் காலத்தில் எல்லோரையும் ஒரே மணிமுடியின் கீழ் குடிமக்கள் என்று வைத்திருந்ததன் தொடர்ச்சி இது. உங்கள் அலுவலகத்தில் ஒரு அமெரிக்கர் இருந்தால் அவருக்கு இந்த வாக்கு கிடையாது. உங்களுக்கு உண்டு. பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் இது தெரியாத தமிழர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

திரும்பிப் போக நேரலாம், சரி. போகும்வரை நீங்கள் நடக்கும் நடைபாதை, தெருவிளக்கு, குப்பை எடுப்பது, நூலகம் திறந்திருக்கும் நேரம், பக்கத்து வீட்டு முதியவருக்குக் கிடைக்கும் பராமரிப்பு எல்லாம் அந்த கவுன்சிலர்கள் முடிவு செய்கிறவை. கவுன்சில் வரியும் கட்டுகிறீர்கள், வாடகையோடு சேர்த்தாவது. அதற்கு மேல் வேறென்ன தகுதி வேண்டும்?

அப்பா சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். இந்த நாட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பணம், சாராயம், கூலிக்கு ஆள் என்று தேர்தல் செலவு எல்லை மீறிப் போனபோது, 1883இல் ஒரு கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். அது வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. வாக்குச் சேகரிக்கக் கூலிக்கு ஆள் வைப்பதையும் தடுத்தது. அந்தத் தடை இன்றைக்கும் இருக்கிறது. நோட்டீஸ் போடுவதற்குக் கூலி கொடுக்கலாம். வேட்பாளருக்காக வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்பதற்குக் காசு கொடுப்பது குற்றம், தெரிந்தே வாங்குவதும் குற்றம். வாக்குக்காக வாக்காளருக்குச் சாப்பாடு, பானம் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். அதனால் கதவைத் தட்டுகிற ஒவ்வொருவரும் தன் மாலை நேரத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கூலிக்கு ஆள் வைக்க முடியாமல் போனதும் கட்சிகள் தொண்டர்களைத் தேடின. அப்படி முன்வந்தவர்களில் பெண்கள் ஏராளம். நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கே வாக்கு இல்லாத காலம் அது. 1918இல்தான் வந்தது, அதுவும் 30 வயதைக் கடந்து, சொத்துத் தகுதியும் உள்ள பெண்களுக்கு மட்டும். தன் கையில் வாக்கு இல்லாத பெண், வாக்கு வைத்திருந்த ஆண்களின் கதவைத் தட்டி அரசியல் பேசியிருக்கிறாள். எனக்கு உரிமை உண்டா என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

வேலை என்னவென்று சொல்கிறேன். பலரும் நினைப்பதுபோல் இது மேடைப் பேச்சு இல்லை. ஏதாவது ஒரு தெருமுனையில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். ஒருவர் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும், அட்டையிலோ போன் செயலியிலோ. எந்த வீட்டில் யார் பெயரைக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்வார். நீங்கள் தட்டுவீர்கள். பாதி வீட்டில் கதவே திறக்காது. திறந்தால், உங்கள் பெயர், எந்த வேட்பாளருக்காக வந்திருக்கிறீர்கள், இந்தப் பகுதியில் அவர்களுக்கு என்ன பிரச்சினை, இந்த முறை யாருக்கு வாக்களிக்க எண்ணம் என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். பிறகு பட்டியல் வைத்திருப்பவரிடம் வந்து சொல்ல வேண்டும். நம்மவர், எதிரணி, இன்னும் முடிவு செய்யவில்லை, சொல்ல விருப்பமில்லை. அவர் குறித்துக்கொள்வார்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். எதிர்க்கட்சிக்காரர் கதவைத் திறந்துவிட்டால் அவரை மாற்றியே தீருவேன் என்று வாசலில் நின்று வாதாடத் தோன்றும். வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு வீடு பார்த்திருக்கலாம். வாக்குப்பதிவு நாளில்தான் இந்தக் குறிப்புகளின் பயன் தெரியும். ஆதரவாளர் என்று குறிக்கப்பட்ட வீடுகளுக்கு மட்டும் போய், போட்டுவிட்டீர்களா என்று கேட்டு, போடாதவரை அனுப்பிவைப்பார்கள். இயான் மிகார்டோ என்ற தொழிற்கட்சிக்காரர் 1945இல் ரெடிங் தொகுதியில் இதைக் காகிதத்திலும் அட்டையிலும் ஒரு முறையாக வடிவமைத்தார். செயலிகள் வந்துவிட்டன, அடிப்படை அதேதான்.

ஒரு மாலை நடந்து என்ன ஆகப்போகிறது என்று கால் வலிக்கும்போது தோன்றும். உங்கள் பக்கத்துத் தொகுதி ஹெண்டனில் 2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்தது வெறும் 15 வாக்கு வித்தியாசத்தில். 1892இல் லண்டனின் ஃபின்ஸ்பரி சென்ட்ரல் தொகுதியில் இந்தியத் தலைவர் தாதாபாய் நௌரோஜி வென்று நாடாளுமன்றம் போனதும் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில்தான். வார்டுத் தேர்தலில் வாக்குப்பதிவு குறைவு என்பதால் அங்கே ஒரு தெருவே முடிவை மாற்றும்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஹாரோவில் கதவைத் திறப்பவர் குஜராத்தி, ருமேனியர், சோமாலியர், யாழ்ப்பாணத்தார் என்று யாராகவும் இருக்கலாம். எல்லோருடைய ஆங்கிலத்திலும் ஒரு ஊர் இருக்கிறது. நிதானமாகப் பேசினால் போதும்.

இப்போது அந்த உறுத்தல். உறுத்தியது சரிதான். "உங்கள் ஆட்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறவர் உங்களை ஒரு தொண்டராகப் பார்க்கவில்லை. மொத்தமாக வாக்கைக் கொண்டுவந்து கொட்டும் தரகராகப் பார்க்கிறார். இதற்கு ஒத்துக்கொண்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். தேர்தல்தோறும் கோயில் திருவிழாவிலும் கலைநிகழ்ச்சியிலும் வேட்பாளரைக் கூட்டிவந்து பொன்னாடை போட்டுப் படம் எடுத்ததோடு அவர்கள் அரசியல் நின்றுவிட்டது. நீங்கள் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எல்லோரையும் போல எனக்கும் ஒரு தெருவைக் கொடுங்கள், யார் வீடாக இருந்தாலும் தட்டுகிறேன் என்று. தமிழரான உமா குமரன் 2015இல் உங்கள் ஹாரோ கிழக்குத் தொகுதியில் நின்று தோற்றார். அங்கே தமிழர்கள் கணிசம். 2024இல் அவர் வென்று நாடாளுமன்றம் போனது கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியிலிருந்து. எல்லாத் தரப்பினரின் வாக்கும் சேர்ந்தால்தான் அங்கே வெற்றி.

ஆனால் தமிழ் தேவைப்படும் வாசல்களும் உண்டு. அங்கே தயங்காமல் தமிழ் பேசுங்கள். நான் வாக்குச் சேகரிக்கப் போன ஒரு வீட்டில் கதவைத் திறந்த யாழ்ப்பாணத்து அம்மா, மகன் வெளியே போயிருப்பதாக ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். உங்களைத்தான் பார்க்க வந்தேன் அம்மா என்றேன். "என்ர வோட்டை மகன்தான் போடுறவன்" என்றார். தபால் வாக்குச் சீட்டு அவர் பெயருக்கு வருகிறது, மகன் நிரப்பிவிடுகிறார். உங்களுக்கு இந்தத் தெருவில் என்ன வேண்டும் என்று கேட்டேன். உடைந்து கிடந்த நடைபாதையைக் காட்டி, போன மாரியில் அதில் விழுந்து கை முறிந்ததைச் சொன்னார். யாரிடமாவது சொன்னீர்களா என்றால், என்னை யார் கேட்டது என்கிறார். அந்த வாக்கு அவருடையது, யாருக்குப் போடுகிறார் என்பதை வீட்டில்கூட யாரும் கேட்க முடியாது என்று விளக்கினேன். எங்கள் வேட்பாளருக்குத்தான் போட்டாரா என்று எனக்குத் தெரியாது, அது எனக்கு முக்கியமாகவும் படவில்லை. நடைபாதைப் புகாரை அன்றே எழுதிக் கவுன்சிலுக்கு அனுப்பினோம். ஆனந்தி, உங்கள் தமிழ் இந்த இடத்துக்குத்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு எச்சரிக்கை. யாராவது நிரப்பிய தபால் வாக்கு உறையை நீட்டி, இதைப் பெட்டியில் போட்டுவிடுங்கள் என்றால் கையால் தொடாதீர்கள். கட்சிக்காக வேலை செய்பவர்கள் தம் குடும்பத்தாரோ தாம் பராமரிப்பவரோ அல்லாத பிறருடைய தபால் வாக்கைக் கையாளுவது இப்போது குற்றம். உதவி செய்யும் எண்ணத்தோடு வாங்கினாலும் சிக்கல்தான். அவர்களே தபாலில் போடட்டும். பட்டியலில் இருக்கும் பெயர், விலாசங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும் கூடாது.

விசா விஷயம். நீங்கள் ஸ்கில்டு வொர்க்கர் (திறன்சார் பணியாளர்) விசாவில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஊதியமில்லாத தன்னார்வப் பணிக்குத் தடை இல்லை. வாக்களிப்பதும் வாக்குச் சேகரிப்பதும் விசாவுக்கு விரோதமான செயல்கள் இல்லை. உங்கள் விசா நிபந்தனைகளை அரசுத் தளத்தில் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். தோழி மாணவர் விசாவில் இருந்தால் வேலை நேரக் கணக்கு வேறு, அவர் பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் அரசியல் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க வேண்டாம்.

எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் போவதற்கு முன் வேட்பாளரை நேரில் சந்தித்து, உங்களுக்கு முக்கியமான இரண்டு விஷயங்களில் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் போகாதீர்கள். நம்பாத ஒருவருக்காக வாசலில் நிற்பது மிகவும் கடினம்.

சின்னச் சின்ன விஷயங்கள்: கேட்டைத் திறந்தால் திரும்பச் சாத்துங்கள். புல்வெளியைக் குறுக்கே கடக்காதீர்கள். நோட்டீஸைக் கதவிலுள்ள தபால் துவாரத்தில் போடும்போது விரலை உள்ளே விடக்கூடாது, மறுபக்கம் நாய் இருக்கும். அனுபவப்பட்டவர்கள் ஒரு மரக்கரண்டி வைத்திருப்பார்கள், அதால் தள்ளிவிடுவார்கள். முதல் நாள் பழகியவர் ஒருவரோடு ஜோடியாகப் போகக் கேளுங்கள்.

முதலில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இணையத்தில் சில நிமிட வேலை. இந்தத் தேர்தலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 20. வாக்குச்சாவடியில் படம் உள்ள அடையாளம் காட்ட வேண்டும், நம் இந்தியக் கடவுச்சீட்டே போதும். வாக்குப்பதிவு 2026 மே 7, வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை. அன்றைக்கு விடுமுறை கிடையாது. லீவு எடுக்க முடிந்தால் இப்போதே அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். முடியாவிட்டால் மாலை ஐந்து மணிக்கு மேலாவது போய்விடுங்கள். வேலையிலிருந்து திரும்பியவர்களைத் தேடிப்போகிற நேரம் அது, அப்போதுதான் ஆள் பற்றாது.

அன்புடன்.