கிளப் சாக்கரில் லீக் பெயரைப் பார்ப்பதா, கோச்சைப் பார்ப்பதா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். 11 வயது மகனின் கோச் தனக்கு வேண்டிய பிள்ளைகளையே இறக்குகிறார். எம்எல்எஸ் நெக்ஸ்ட் (மேஜர் லீக் சாக்கர் நடத்தும் இளையோர் கால்பந்து லீக்) கிளப்புக்கு மாற்றிவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். எம்எல்எஸ் நெக்ஸ்ட் போட்டிகள் 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே அந்த முத்திரையைக் காட்டுவது பெரும்பாலும் ஆள்பிடிக்கும் வேலை. இதற்கு முன் கொடிகட்டிப் பறந்த, அமெரிக்கக் கால்பந்து சம்மேளனத்தின் டெவலப்மென்ட் அகாடமி என்ற இளையோர் லீக்கை 2020 ஏப்ரலில் திடீரென மூடினார்கள். லீக் பெயரின் ஆயுள் அவ்வளவுதான்.

பாரபட்சம் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மகன் வயதில் களத்தில் ஒன்பது பேர்தான். அணியில் 16 பேர் வரை சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் எந்நேரமும் ஏழு பேர் வெளியேதான். சந்தா வருகிறதே, கிளப்புக்கு என்ன கவலை! அதனால் புது கிளப்பில் முதலில் கேட்க வேண்டியது அணியில் எத்தனை பேர், குறைந்தது எவ்வளவு நேரம் ஆடவிடுவார்கள் என்பதுதான். பதில் மழுப்பலாக வந்தால் காசோலையை எடுக்காதீர்கள்.

கோச்சிடம் ஆட்டம் முடிந்த சூட்டில் பேசாதீர்கள். மறுநாள், "இவன் எதில் தேற வேண்டும்?" என்று கேளுங்கள். மகனே கேட்டால் இன்னும் நல்லது. குறிப்பாக ஒன்றும் சொல்லத் தெரியாத கோச் என்றால் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: பல லீக்குகள் 2026-27 பருவம் முதல் வயதுப் பிரிவைக் கணக்கிடும் தொடக்கத் தேதியை ஜனவரி 1-இலிருந்து ஆகஸ்ட் 1-க்கு மாற்றுகின்றன. பிறந்த மாதத்தைப் பொறுத்து அவன் அணியே மாறலாம். அதை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.